அளக்கப் போன ஏஜென்ட்

2012 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் நிறுவனம் வாடகைக்கு விடும் சர்வர்களில் ஒரு பகுதி நடுப்பகலில் திணறத் தொடங்கியது. அவற்றை நம்பிக் கடை விரித்திருந்த ரெட்டிட், ஃபோர்ஸ்குவேர், ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் நின்று நின்று ஓடின. சில நேரம் நின்றே போயின. கோளாறு எப்படி வந்தது என்று பிறகு அமேசானே விரிவான விளக்கம் வெளியிட்டது. புயல், மின்வெட்டு, ஹேக்கர் எதுவும் காரணம் இல்லை. சர்வர்களைப் பற்றிய விவரம் திரட்டுவதற்காக அவற்றுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன நிரல்தான் அவற்றைப் படுக்க வைத்தது.

நடந்த வரிசையில் அபூர்வமானது எதுவுமே இல்லை. அதுதான் கவலை தருகிறது. வாடிக்கையாளர்களின் டிஸ்க்குகளைத் தாங்கும் ஸ்டோரேஜ் சர்வர் ஒவ்வொன்றிலும் 'ஏஜென்ட்' எனப்படும் அந்தச் சின்ன நிரல் இருந்தது. பராமரிப்புக்கு வேண்டிய விவரங்களை அது வேறு சில சேகரிப்பு சர்வர்களுக்கு அனுப்பும். அவசரத் தகவல் அல்ல. தாமதமானாலும் விட்டுப்போனாலும் பாதகமில்லை என்றே வடிவமைத்திருந்தார்கள். முந்தைய வாரம் சேகரிப்பு சர்வர் ஒன்று பழுதாகி, அதற்குப் பதில் வேறொன்றை வைத்தார்கள். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பதிவையும் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் உள் டி.என்.எஸ். சர்வர்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே ஸ்டோரேஜ் சர்வர்களில் ஒரு பங்கு, இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டே இருந்தது. ஏஜென்ட்டுக்குள் ஒரு பிழை ஒளிந்திருந்தது: தொடர்பு கிடைக்காமல் மீண்டும் மீண்டும் முயலும்போது நினைவகத்தைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. திங்கட்கிழமை வந்தபோது டிஸ்க் வேலைக்கே நினைவகம் போதவில்லை.

மொத்த நினைவகப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் ஏற்பாடு அங்கே இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சர்வர்கள் கிடைக்கும் நினைவகத்தையெல்லாம் தம் வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தும் வகை. எது இயல்பான பயன்பாடு, எது கசிவு என்று மொத்தக் கணக்கில் பிரித்தறிய முடியவில்லை. அலாரம் அடிக்கவில்லை.

இப்படிச் சர்வரைக் கண்காணிக்கும் ஏஜென்ட்டை நிறுவுவது பத்து நிமிட வேலை என்று விற்பனைக் கையேடுகள் சொல்லும். பொய்யில்லை. கான்ஃபிக் ஃபைலில் சேகரிப்பு சர்வரின் முகவரி, இந்த இயந்திரத்தின் பெயர், ஒரு கடவுச்சாவி ஆகிய மூன்றையும் நிரப்பினால் டேஷ்போர்டில் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளுக்கு இந்த மூன்று போதும். ஒழுங்கில்லாத நாளுக்கான வரிகள் அதே ஃபைலில் கீழே எங்கோ, முன்னால் ஹாஷ் குறி போட்டு, யாரும் தொடாமல் கிடக்கும். எவ்வளவு அடிக்கடி அளப்பது, எதை அளக்காமல் விடுவது, கேட்க ஆள் இல்லாதபோது என்ன செய்வது, எவ்வளவு நினைவகத்துக்கு மேல் தொடக்கூடாது என்பன அந்த வரிகள். ஏஜென்ட்டை அமைக்கும் வேலை என்று நான் நினைப்பது இவற்றைத்தான்.

முதலில், ஏஜென்ட்டுக்கு எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? லினக்ஸ் இயந்திரத்தில் 'புராக்' என்றொரு அடைவு உண்டு. அதில் உள்ளவை டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் அல்ல. யாராவது திறந்து படிக்கும் அந்தக் கணத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் உள்கணக்கை எழுத்தாக்கித் தருகிறது. சிபியு எவ்வளவு நேரம் எந்த வேலையில் செலவானது, நினைவகத்தில் எவ்வளவு எதற்குப் போயிற்று, நெட்வொர்க் கார்டு வழியாக எத்தனை பைட் போய் வந்தது எல்லாம் அங்கே கிடைக்கும். நோட் எக்ஸ்போர்ட்டர், டெலிகிராஃப், கலெக்ட்டி, ஜாபிக்ஸ் ஏஜென்ட் என்று பெயர்கள் பல இருந்தாலும் லினக்ஸில் இவை எல்லாம் பெரும்பாலும் இதே இடத்தைத்தான் படிக்கின்றன. ஏஜென்ட்டின் திறமை அளப்பதில் இல்லை. அளவை கெர்னலே எடுத்து வைத்திருக்கிறது. எப்போது படிப்பது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட் வேறுபாடு.

இந்த எண்களில் பல, வீட்டு ஈ.பி. மீட்டர் போன்றவை. மீட்டரில் தெரியும் எண் இன்று எத்தனை யூனிட் எரித்தோம் என்பதைச் சொல்வதில்லை. பொருத்திய நாள்முதல் கூடிவந்த மொத்தம் அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து குறித்துக்கொண்டு போகிறவர் முந்தைய எண்ணைக் கழித்தால்தான் பில் வரும். கெர்னலின் சிபியு கணக்கும் அப்படியே: இயந்திரம் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வகை வேலைக்கும் செலவான நேரம், பெரும்பாலும் விநாடியின் நூறில் ஒரு பங்கு அலகில், கூடிக்கொண்டே போகும். 'சிபியு 40 சதவீதம்' என்று திரையில் தெரிவது இரண்டு வாசிப்புகளைக் கழித்து வந்த விடை. ஆகவே இரண்டு வாசிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது தெரியாமல் அந்தச் சதவீதத்துக்குப் பொருள் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் ஏஜென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 10 விநாடி சிபியு முழுக்கத் திணறி, மீதி நேரம் சும்மா இருந்தால் வரைபடம் காட்டுவது 3.3 சதவீதம். அந்தப் பத்து விநாடியில்தான் பணம் கட்ட வந்த வாடிக்கையாளர் பக்கம் திறக்காமல் திரும்பிப் போயிருப்பார்.

கூடிக்கொண்டே போகும் எண்ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எந்த மீட்டருக்கும் இலக்கங்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க 1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வந்தது. மேலாளர், ஏஜென்ட் என்ற பிரிவினையை இந்தத் துறையில் பரவலாக்கியது அதுதான். (நம்மூர்த் தொடர்பு ஒன்று: இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் ஆரம்பகாலச் சரக்கு நெட்வொர்க் மேலாண்மைக்கான எஸ்.என்.எம்.பி. கருவிகளே.) அந்த நெறிமுறையின் முதல் பதிப்பில் ஒரு கம்பி வழியே வந்த பைட்டுகளை எண்ணும் கணக்கு 32 பிட் அகலம். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். விநாடிக்கு 10 மெகாபிட் ஓடிய காலத்தில் அந்த எல்லையைத் தொட 57 நிமிடம் பிடித்தது, யாரும் கவலைப்படவில்லை. 100 மெகாபிட் வந்தபோது அது 5 நிமிடம் 44 விநாடியானது. 1995இல் டோபியாஸ் ஓட்டிகர் வெளியிட்ட எம்.ஆர்.டி.ஜி. என்ற கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியிருந்தது. 44 விநாடி வித்தியாசத்தில் தப்பித்தார்கள்.

கிகாபிட் வந்ததும் தப்பவில்லை. விநாடிக்கு 1 கிகாபிட் முழுவேகத்தில் ஓடினால் அந்தக் கணக்கு 34 விநாடியில் ஒரு சுற்று முடித்துவிடும். ஐந்து நிமிடத்தில் எட்டுச் சுற்று முழுதாக ஓடி, ஒன்பதாவதில் முக்கால் பங்கு போயிருக்கும். படிக்க வருகிற நிரலுக்கு அந்த எட்டும் தெரியாது. கழித்துப் பார்த்து அது வரையும் கோடு சுமார் 84 மெகாபிட் என்று சொல்லும். கம்பி நிரம்பி வழிகிறது. வரைபடமோ பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை என்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம். எண் வருகிறது, கோடு வருகிறது, கோடு பார்க்க நம்பும்படியாகவும் இருக்கிறது.

தீர்வு 64 பிட் கணக்கு. 10 கிகாபிட் வேகத்தில் ஓடினாலும் அது ஒரு சுற்று முடிக்க 460 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்புக்கு 64 பிட் கணக்கைப் படிக்கத் தெரியாது. இரண்டாம் பதிப்பிலிருந்துதான் அது சாத்தியம். ஆக, கான்ஃபிக்கில் பதிப்பு எண் என்ற இடத்தில் 1 என்று இருப்பதா, 2 என்று இருப்பதா என்ற ஒரே இலக்கம் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் வரைபடம் உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பழைய கான்ஃபிக்கைப் புதிய இயந்திரத்துக்கு நகலெடுத்து ஒட்டும் வழக்கம் உள்ள எல்லா இடத்திலும் இந்த 1 இன்னமும் உயிரோடிருக்க வாய்ப்புண்டு.

அடிக்கடி படிக்காததுதான் சிக்கல் என்றால், விநாடிக்கு ஒருமுறை படித்துவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 சர்வர், ஒவ்வொன்றிலும் 1,000 அளவீடு என்று வையுங்கள். நோட் எக்ஸ்போர்ட்டர் போன்ற ஏஜென்ட்டுக்கு இது மிகையான எண் அல்ல. 15 விநாடிக்கு ஒருமுறை படித்தால் ஒரு நாளைக்கு 288 கோடி எண்கள் சேரும். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என்று அப்படியே எழுதினால் நாளொன்றுக்கு 46 கிகாபைட். விநாடிக்கு ஒருமுறை என்றால் இதைப் பதினைந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

நல்லவேளையாக அப்படியே எழுத வேண்டியதில்லை. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2015இல் வெளியிட்ட 'கொரில்லா' ஆய்வுக் கட்டுரை, 16 பைட்டைச் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருக்கும் வழியைக் காட்டியது. தந்திரம் எளிது. அளவீடுகள் சீரான இடைவெளியில் வந்தால், ஒவ்வொரு முறையும் முழு நேரத்தைக் குறிக்க வேண்டாம். 'போன முறை இருந்த அதே இடைவெளி' என்பதை ஒரே பிட்டில் சொல்லிவிடலாம். அவர்களுடைய தரவில் 96 சதவீத நேரக்குறிப்புகள் அப்படி ஒரு பிட்டில் அடங்கின. இன்று பரவலாக உள்ள சேகரிப்பு நிரலான புரோமிதியஸும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. மேலே சொன்ன 46 கிகாபைட் இப்படி 4 கிகாபைட்டுக்குள் வந்துவிடும். ஆனால் இதற்கு ஏஜென்ட்டின் தாளம் பிசகாமல் இருக்க வேண்டும்.

தாளம் பிசகாமல் இருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 500 ஏஜென்ட்டும் ஒரே கான்ஃபிக்கோடு, நிமிடத்தின் முதல் விநாடியில் விழித்துக்கொண்டு ஒரே சர்வருக்கு அனுப்பினால் அந்த ஒரு விநாடி நெரிசலும் மீதி 59 விநாடி ஓய்வுமாகப் போகும். மெய்நிகர் இயந்திரங்கள் பல ஒரே வன்பொருளில் ஓடும்போது, எல்லா ஏஜென்ட்டும் ஒரே கணத்தில் விழிப்பதே சிபியுவில் ஒரு முள்ளாக வரைபடத்தில் எழும்பும். ஏஜென்ட் தன் நிழலையே அளந்து புகார் சொல்லும். இதற்காகவே டெலிகிராஃபில் 'ஜிட்டர்' என்ற அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஏஜென்ட்டும் சற்று முன்பின்னாக இயங்கும். நிறுவியவுடன் அதன் மதிப்பு பூஜ்யம். புரோமிதியஸ் வேறு வழி வைத்திருக்கிறது: ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நிலையான ஒரு தாமதத்தைத் தானே ஒதுக்கிவிடும். நெரிசலும் குறையும், தாளமும் கெடாது. எனக்கு இது கூடுதல் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஏஜென்ட் தானாக அனுப்ப வேண்டுமா, சர்வர் வந்து கேட்டு வாங்க வேண்டுமா என்ற பழைய சண்டையில் நான் அதிகம் நுழையப்போவதில்லை. இரண்டும் வேலை செய்யும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவான புரோமிதியஸ் வந்து கேட்கும் கட்சி. டெலிகிராஃப் அனுப்பும் கட்சி. லாட்வியாவிலிருந்து வந்த ஜாபிக்ஸ் இரண்டும் செய்யும். ஃபயர்வாலில் எந்தத் திசையில் கதவு திறக்க அனுமதி கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலான அலுவலகங்களில் இது முடிவாகிறது.

ஆனால் அனுப்பும் முறையில் ஒரு கேள்வி கூடுதலாக வருகிறது: அனுப்புகிறவர் யார்? ஜாபிக்ஸ் ஏஜென்ட்டோடு வரும் கான்ஃபிக் ஃபைலில் இயந்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜாபிக்ஸ் சர்வர்' என்றே எழுதியிருக்கும். மாற்றாமல் நூறு இயந்திரங்களில் நகலெடுத்தால் நூறும் அந்த ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். மாற்றும்போது ஓர் எழுத்து பெரியதாகவோ சிறியதாகவோ போனாலும் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளாது. ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, அதையே அச்செடுத்துப் பெருக்கும் இடங்களில் இது தினசரிக் கூத்து. நேரமும் அப்படித்தான். அனுப்பும் ஏஜென்ட் தன் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்து நேரம் போடுகிறது. அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால், விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் வரைபடத்தில் வரும். ஏஜென்ட்டை நிறுவும் முன் கடிகார ஒத்திசைவைச் சரிபார்ப்பது நலம்.

எதை அளக்காமல் விடுவது என்பதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. 'எல்லாவற்றையும் எடு, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இந்தத் துறையின் பெரிய மூடநம்பிக்கை. இன்றைய ஏஜென்ட்டுகள் ஒவ்வோர் எண்ணோடும் லேபிள்களை ஒட்டி அனுப்புகின்றன: எந்த இயந்திரம், எந்த டிஸ்க், எந்தச் சேவை என்று. லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் சேகரிப்பு சர்வர் தனித் தொடர் ஒன்றைத் திறந்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 500 இயந்திரம், 20 வகைக் கோரிக்கை, 5 வகைப் பதில் என்றால் 50,000 தொடர், சமாளிக்கலாம். யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் பயனர் எண்ணையும் லேபிளாகச் சேர்க்கிறார். ஒரு லட்சம் பயனர்கள் இருந்தால் மேல்வரம்பு 500 கோடி. அதில் சிறு பங்கு வந்தாலே சேகரிப்பு சர்வர் மூச்சுத் திணறிச் சாகும். கண்டெய்னர்களில் இது இன்னும் நைசாக நடக்கும்: ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் கண்டெய்னரின் பெயர் மாறுவதால் பழைய தொடர்கள் அநாதையாகி, புதியவை பிறந்துகொண்டே இருக்கும்.

விட வேண்டியவற்றில் இன்னொன்று, நெட்வொர்க் வழியே இணைத்த டிஸ்க். எவ்வளவு இடம் மிச்சம் என்று ஏஜென்ட் கேட்கும்போது எதிர்முனை சர்வர் செத்திருந்தால், அந்தக் கேள்வி கெர்னலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொல்லவும் முடியாது. அடுத்த சுற்றில் இன்னொரு கேள்வி போய் அதன் பின்னால் மாட்டும். இப்படி ஏஜென்ட் முழுதுமே உறைந்துபோவது நோட் எக்ஸ்போர்ட்டர் பயனர்களுக்குப் பழக்கமான தொல்லையாக இருந்ததால், மாட்டிக்கொண்ட டிஸ்க்கை அடையாளம் கண்டு தவிர்க்கும் வசதியையே பின்னால் சேர்த்தார்கள். எந்த டிஸ்க்கை ஒதுக்க வேண்டும் என்று கான்ஃபிக்கில் எழுதிவிடுவது அதைவிட மேல்.

இனி, கேட்க ஆள் இல்லாத நேரம். சேகரிப்பு சர்வர் இல்லாமல் போனால் ஏஜென்ட்டுக்கு மூன்று வழிகள்தான். எடுத்த எண்ணை எறியலாம். நினைவகத்தில் சேர்த்து வைக்கலாம். டிஸ்க்கில் எழுதி வைக்கலாம். சேர்த்து வைப்பது என்றால் எவ்வளவு என்று வரம்பு சொல்ல வேண்டும். டெலிகிராஃபில் வழக்கமான வரம்பு 10,000 அளவீடு. பத்து விநாடிக்கு 200 வீதம் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு அது எட்டு நிமிடம் தாங்கும். அதன் பிறகு பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். எட்டு நிமிடம் குறைவு என்று நினைக்கிறவர்கள் அதைப் பத்து லட்சமாக உயர்த்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். சேகரிப்பு சர்வர் விழுந்த நாளில், அந்தப் பத்து லட்சம் அளவீடுகளும் சேரும் இடம் வாடிக்கையாளருக்கான வேலை ஓடும் இயந்திரத்தின் நினைவகம். தகவல் கொஞ்சம் போனால் போகட்டும், இயந்திரம் பிழைக்கட்டும் என்று முடிவெடுக்கத் துணிவு வேண்டும். அளவீடு எதற்காக என்று யோசித்தால் அந்தத் துணிவு வந்துவிடும்.

சர்வர் மீண்டும் எழும்போது இன்னொரு ஆபத்து. 500 ஏஜென்ட்டும் தேக்கி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினால், எழுந்தது மறுபடி விழும். தோல்விக்குப் பின் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவதும், அதில் சற்றுத் தற்செயலைக் கலப்பதும், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதும் இதற்கான பழகிய வழிகள். ஓபன்டெலிமெட்ரி சேகரிப்பான் போன்றவற்றில் நினைவக வரம்பையே ஒரு கட்டமாகக் குழாயின் தொடக்கத்தில் வைக்க முடியும். வரம்பைத் தொட்டதும் உள்ளே வருவதை மறுத்துவிடும்.

இவை எல்லாம் ஏஜென்ட் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வது. அதை மட்டும் நம்பக்கூடாது என்பதைத்தான் அமேசான் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு நிரலின் நினைவகத்தையும் தனித்தனியாகப் பார்த்து அலாரம் அடிப்பதும், முக்கியமில்லாத நிரல்களுக்கு வெளியிலிருந்தே வரம்பு போடுவதும் அவர்கள் அறிவித்த திருத்தங்களில் சேர்த்தி. லினக்ஸில் 2008 முதலே கெர்னல் இதற்கு வழி வைத்திருக்கிறது. இன்று லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் சேவைக் கோப்பில் இரண்டு வரி போதும்: இவ்வளவு நினைவகம், இவ்வளவு சிபியு, அதற்கு மேல் இல்லை. ஏஜென்ட் வீங்கினால் கெர்னல் ஏஜென்ட்டை மட்டும் கொன்றுவிடும், இயந்திரம் பிழைக்கும்.

ஏஜென்ட் செத்தது யாருக்குத் தெரியும்? மௌனத்தை ஒரு செய்தியாகப் படிக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே தெரியும். வந்து கேட்கும் முறையில் இது இலவசமாகக் கிடைக்கிறது: கேட்டேன், பதில் இல்லை என்பதையே புரோமிதியஸ் ஒரு பூஜ்யமாகப் பதிந்துவிடும். அனுப்பும் முறையில் 'இத்தனை நிமிடமாக எதுவும் வரவில்லை' என்ற அலெர்ட்டை நாமே எழுத வேண்டும். வராத எண்ணைப் பூஜ்யம் என்று வரைந்துவிடும் டேஷ்போர்டுகள் உண்டு. பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று பச்சையாகத் தெரியும். உண்மையில் பிழையை எண்ணுகிற நிரலே உயிரோடு இருக்காது.

அலெர்ட் பற்றி ஒன்று மட்டும். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தை டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே 'காலி நினைவகம்' என்ற எண் ஆரோக்கியமான சர்வரிலும் மிகக் குறைவாகவே இருக்கும். அதை வைத்து அலெர்ட் போட்டால் தினமும் அடிக்கும். ஒரு வாரத்தில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். தேவைப்பட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டை 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து லினக்ஸே தனி எண்ணாகத் தருகிறது. ஏஜென்ட் இரண்டையும் அனுப்பும். எதைப் பார்ப்பது என்பது கான்ஃபிக் எழுதுகிறவர் கையில்.

அதிகாரம் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்பதற்காக ஏஜென்ட்டை ரூட் உரிமையோடு ஓடவிடுவது சோம்பேறி வழி. பெரும்பாலான அளவீடுகளுக்குச் சாதாரணப் பயனர் உரிமையே போதும். எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லாக 'பப்ளிக்' என்ற சொல்லே வழக்கமாக வந்தது. மாற்றாமல் விட்டவர்கள் கணக்கில்லை. நோட் எக்ஸ்போர்ட்டர் 9100ஆம் போர்ட்டில் யார் கேட்டாலும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல், இயந்திரத்தின் கெர்னல் பதிப்புவரை ஒப்பிக்கும். சேகரிப்பு சர்வருக்கு மட்டும் ஃபயர்வாலில் அந்தக் கதவைத் திறப்பது அடிப்படைக் கடமை. தொலைவிலிருந்து கட்டளை இயக்கும் வசதி சில ஏஜென்ட்டுகளில் உண்டு. உண்மையாகவே தேவைப்படும்வரை அதை மூடி வையுங்கள்.

அதிகாரம் மிகுந்த ஏஜென்ட்டுக்கு அவசரத்தில் போகும் கான்ஃபிக் என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடுவது. அதன் அமைப்புத் தரவு ஃபைல் ஒன்று 21 புலங்களை எதிர்பார்த்தது. ஏஜென்ட்டின் நிரலோ 20 மட்டுமே தந்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தொடப்போய் கெர்னலே சரிந்தது. 78 நிமிடத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் இயந்திரங்கள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இது அளவீட்டு ஏஜென்ட் அல்ல. ஆனாலும் எல்லா ஏஜென்ட்டுக்கும் பொருந்தும் விதி ஒன்றைக் காட்டியது. நிரலை மாற்றும்போது சோதிக்கிறவர்கள், 'கான்ஃபிக் மட்டும்தானே' என்று வரும்போது எல்லா இயந்திரத்துக்கும் ஒரேயடியாக அனுப்பிவிடுகிறார்கள். முதலில் ஐந்து, மறுநாள் ஐம்பது, பிறகு மற்றவை என்று போனால் இழப்பது இரண்டு நாள் மட்டுமே.

ஆகவே அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் புதிய ஏஜென்ட் ஒன்று வந்தால், டேஷ்போர்டின் அழகைப் பார்க்கும் முன் ஒரு சோதனை இயந்திரத்தில் அதை நிறுவி, சேகரிப்பு சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஓர் இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் ஏஜென்ட் எடுத்துக்கொண்ட நினைவகத்தைப் பாருங்கள். முதல் நாள் மாலை இருந்த அளவே இருந்தால் நிறுவுங்கள். ஏறியிருந்தால் விற்றவரைக் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள். விளக்கம் வரும்வரை உண்மையான சர்வர் எதிலும் அதைப் போடாதீர்கள்.